பவுன்தாய் போட்ட எட்டுகள்

பவுன்தாய் முதல் தடவை எட்டுப் போட்டுத் தோற்ற அந்தப் புதன்கிழமை, தோற்ற எட்டு மண்ணை உதறிவிட்டு எழுந்து, அவள் பின்னாலேயே வந்து, பஸ் ஏறி, சின்னக்கரட்டில் இறங்கிவிட்டது. வந்த எட்டை எங்கே வைப்பது என்பதுதான் ஊருக்குக் கவலையாக இருந்ததே தவிர, ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சின்னக்கரட்டுக்காரர்கள் அப்படித்தான். வாசலுக்கு வந்துவிட்டதைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்கிற பழக்கம் அங்கே கிடையாது. உட்கார், தண்ணி குடி என்பார்கள், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

பவுன்தாய்க்கு வயசு நாற்பத்தாறு. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பதினாலு வருஷமாகச் சமையல். அவள் கரண்டியைக் கையில் எடுத்த காலத்தில் நூறு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அது அறுபதாகி, முப்பதாகி, கடைசியில் ஆறு பிள்ளைகளும் ஒரு நாய்க்குட்டியுமாக வந்து நின்றபோது, மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடுகிறோம், ஜூன் மாசம் திறக்கிற அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கிற மேலக்கரட்டுப் பள்ளியில் போய்ச் சேர், சேராவிட்டால் வேலை இல்லை. அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே பத்தரை மணிக்குத்தான் போகும். உலை எட்டு மணிக்கே கொதிக்க வேண்டும். வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது; ஓட்டத்தான் ஆள் இல்லை.

வேலை போனால் சோத்துக்குத் திண்டாட்டம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் இருக்கு" என்று அதட்டுகிற நேரத்தில் மட்டும்தான் பவுன்தாய் தன்னை ஒரு ஆளாக நினைத்தாள். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு எதுவும் வராது. பதினாறு வயசில் சைக்கிள் ஓட்டிப் பார்த்து ஒரே ஒரு தடவை விழுந்தாள், அண்ணன்மார் சிரித்தார்கள், அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. போனைக் கொடுத்தால் எனக்கு வராது, பாரத்தை நீட்டினால் எனக்கு வராது, தையல் மிஷினைப் பார்த்தால் எனக்கு வராது. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவள் வாயில் வெற்றிலை மாதிரி எப்போதும் ஒதுங்கியே இருந்தது.

அதற்கு ஆமாம் போட வீட்டில் ஆள் இருந்தார். சென்றாயன், அவள் புருஷன். மலை ரோட்டில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவர். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பதினேழு கொண்டை ஊசி வளைவு, எதிரே வருகிற லாரி, பனி, ஆடு, கல்யாண கோஷ்டி, எதுவும் அவர் வண்டியை உரசினதில்லை. கீறல் விழாத டிரைவர் என்று சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கட்டிலுக்கு மேலே தொங்கியது. சர்க்கரை வந்து வலது கண்ணைக் கொண்டுபோனது. இடது கண்ணில் உலகம் நீராகாரத்துக்குள் கிடக்கிற மாதிரி தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் குச்சி கொடுத்தார்கள். உறைகூடப் பிரிக்காமல் அது கதவுக்குப் பின்னால் நின்றது. மனுஷன் வாசற்படி தாண்டி எட்டு மாசம் ஆயிற்று. தடுக்கி விழுந்தால் ஊர் பார்க்குமே. டம்ளரில் தண்ணி ஊற்றக்கூட மாட்டார், சிந்திவிட்டால்? தப்புப் பண்ணிப் பழக்கமே இல்லாதவர், பாவம்.

எட்டு என்றால் என்ன என்று லைசென்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும், எடுக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லைசென்ஸ் ஆபீசுக்குப் பின்னால் ஒரு செம்மண் மைதானம். அதில் எருமை புரளுகிற அகலத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு எட்டு போட்டிருக்கும். காலைக் கீழே ஊன்றாமல் அந்தக் கோட்டோடு வண்டியை வளைத்து ஓட்டி முடித்தால் லைசென்ஸ். ஊன்றினால் அடுத்த புதன்கிழமை. பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் காலை மட்டும் பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தால் இரக்கம் வந்துவிடுமாம்.

அன்றைக்குப் பவுன்தாய் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் முதல் வளைவை எப்படியோ கடந்துவிட்டாள். இரண்டாவது வளைவில் வண்டி கள் குடித்தவன் மாதிரி தள்ளாடியது. "அடி ஆத்தீ!" என்று அலறி இரண்டு காலையும் ஊன்றினாள். "அடுத்த வாரம்" என்றார் இன்ஸ்பெக்டர், அவள் செருப்பைப் பார்த்து. தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தவளை, வரிசையில் நின்ற ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, பின்னாடி உங்க எட்டு வருது பாருங்க."

திரும்பினாள். டயர் போன தடம் அப்படியே மண்ணிலிருந்து பெயர்ந்து, சுண்டுவிரல் கனத்தில், செம்மண் நிறத்தில், இடுப்பு உயரத்தில் மிதந்துகொண்டு வந்தது. மேல் வளையம் நன்றாக இருந்தது. கீழ் வளையம் அமுக்கின தகர டப்பா மாதிரி கோணிக்கிடந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. சூ, போ என்று விரட்டிப் பார்த்தாள். ரெண்டடி தள்ளி நின்றுவிட்டு, அவள் நடந்ததும் மறுபடி நடந்தது.

பஸ்ஸில் கண்டக்டருக்குக் குழப்பமாகிவிட்டது. "இது லக்கேஜாம்மா, ஆளா?"

"எனக்கென்ன தெரியும்? தோத்தேன், கூடவே வந்துருச்சு."

"நின்னுக்கிட்டுத்தானப்பா வருது, சீட்டா கேக்குது, விடு" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். கண்டக்டரும் விட்டுவிட்டார். சின்னக்கரட்டு டீக்கடையில் மொக்கராசு பாய்லரைத் துடைத்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுச் சிலம்பாயி, ஐம்பத்தெட்டு வயசுக்காரி, ஊர்க் காரியம் அத்தனைக்கும் முதல் ஆளாக யோசனை சொல்கிறவள், எட்டு வாசற்படியில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "உள்ள நுழையாது பவுனு, மொட்டை மாடில கயித்தப் போட்டுக் கட்டு, காத்தாட இருக்கட்டும்" என்றாள். கட்டினார்கள். கட்டினதும் எட்டு சமத்தாக நின்றது.

"என்ன சத்தம்?" என்றார் சென்றாயன், கட்டிலிலிருந்து.

"எட்டு வந்திருக்குங்க."

"பாஸா?"

"தோத்துட்டேன். தோத்த எட்டு."

சென்றாயன் மூச்சை விட்டார். "நாந்தான் சொன்னேன்ல பவுனு, உனக்கு வராதுன்னு." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்பாகச் சொன்னார், அதுதான் பொறுக்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் அடுத்த புதன்கிழமை போனாள், ஏனென்றால் ஜூன் மாசம் யாருக்காகவும் நிற்காது. போய்த் தோற்றாள். அதற்கடுத்த புதனும் தோற்றாள். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு தப்பு. ஒரு வாரம் முந்தானை சரிந்தது, சரி பண்ணக் கையை எடுத்தாள். ஒரு வாரம் மைதானத்து ஓரம் வார்டு மெம்பர் போனார், பழக்க தோஷத்தில் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார், வண்டி மட்டும் கும்பிடவில்லை, வேலியில் போய் விழுந்தது. ஒரு வாரம் எட்டின் பாதியில் வண்டி நேரே கிளம்பி வெளி கேட்டைத் தாண்டி டீக்கடை வாசலில் போய் நின்றது. அந்த எட்டுக்கு மட்டும் முப்பது அடிக்கு ஒரு வால். எல்லாமே எழுந்து வந்தன. எல்லாமே பஸ் ஏறின. கண்டக்டர் அதற்குள் பழகிப்போய், "எட்டு உள்ள வந்துருச்சா? ரைட், போலாம்" என்று விசில் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

பிரேக் இன்ஸ்பெக்டருக்குத்தான் எரிச்சல். "அம்மா, நீங்க தோக்கறது உங்க இஷ்டம். எட்டப் பேத்துத் தூக்கிட்டுப் போயிடுறீங்க, அந்தப் பள்ளத்த யாரு மூடுறது? அடுத்து வர்றவன் அதுல விழுந்து வைக்கிறான்." நியாயம்தானே. அதிலிருந்து பவுன்தாய் புதன்கிழமை தோறும் ஒரு சாக்குப்பையில் கரட்டு மண் கொண்டுபோய், தோற்று முடித்ததும் தன் பள்ளத்தைத் தானே நிரப்பி, காலால் மிதித்துச் சமப்படுத்திவிட்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் அந்தக் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் எட்டுகள் பெருகின. பெருகினதை வீணாக விடுமா ஊர்? சிலம்பாயி முதல் எட்டில் பாகல் கொடியை ஏற்றிவிட்டாள்; கொடி கோணல் வளையத்தில்தான் செழிப்பாகப் படர்ந்தது, நல்ல வளையத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வால் நீண்ட எட்டைத் துணி காயப்போட எடுத்துக்கொண்டார்கள். வார்டு மெம்பரைக் கும்பிட்ட எட்டில் ஒரு சின்ன வளையம் கூடுதலாக இருந்தது. அதில் ஒரு கைக்குழந்தையின் தொட்டில் தொங்கியது, ஆட்டிவிட வேண்டியதே இல்லை, தானாகவே ஆடியது. வெயில் ஏற ஏற, எட்டுகளின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, அந்தத் தெருப் பெண்கள் மத்தியானம் கீழே உட்கார்ந்து புளி தட்டினார்கள். "இன்னும் ரெண்டு எட்டு இருந்தா மேக்கு வெயிலும் மறைஞ்சிரும் பவுனு" என்று ஒருத்தி உண்மையான அக்கறையோடு சொன்னாள்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கோயில் கமிட்டியிலிருந்து வந்துவிட்டார்கள், சீரியல் லைட் கட்ட எட்டுகள் வேண்டும் என்று. கயிற்றை அவிழ்த்தால் அவை பவுன்தாய் பின்னால்தான் போகும் என்பதால் அவளையும் சேர்த்தே அழைத்தார்கள். சாயங்காலம் அவள் முன்னால் நடக்க, ஏழு எட்டுகளும் வாத்துக்குஞ்சுகள் மாதிரி வரிசையாகப் பின்னால் வர, மேளக்காரர்கள் அதற்கு ஏற்றமாதிரி அடியை மாற்றிக்கொண்டார்கள். அவள் அசைந்தால் லைட்டும் அசையும் என்று கோயில் வாசலில் முதல் வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஊரிலேயே அதிகமாகத் தோற்றவளுக்கு முதல் நாற்காலி. பவுன்தாய்க்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் ஜில்லென்றும் இருந்தது.

அந்த நாற்காலியைப் பார்த்து மூன்று இளவட்டங்களுக்கு வயிறு எரிந்தது. அடுத்த புதன் லைசென்ஸ் ஆபீசுக்குப் போய் வேண்டுமென்றே காலை ஊன்றித் தோற்றார்கள். உச்சி வெயில் வரைக்கும் காத்திருந்தும் ஒரு பிடி மண் எழவில்லை. "மெய்யாலுமே முட்டி மோதித் தோக்கணும்டா. நடிச்சாத் தெரியாதா அதுக்கு?" என்றான் மொக்கராசு. அந்தச் சமயத்தில்தான் சிலம்பாயி ரகசியமாக ஒரு காரியம் பண்ணிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. ஆயுசு முழுக்கக் கைநாட்டு வைத்தவள், பவுன்தாயைப் பார்த்துத் துணிந்து, கதவைச் சாத்திக்கொண்டு சிலேட்டில் கையெழுத்துப் பழகியிருக்கிறாள். அவள் முதன்முதலில் எழுதின "சி" முதுகு கூனி, கொக்கி அவிழ்ந்து, சிலேட்டை விட்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பறந்து வந்து எட்டுகளோடு எட்டாகத் தொங்கியது. ரெண்டு நாள் கழித்து இன்னொரு "சி" வந்தது, அப்புறம் ஒரு "ல". தெருவே நிமிர்ந்து பார்த்து, அடுத்து என்ன எழுத்து வரும் என்று காத்திருந்தது. சிலம்பாயி மூணு நாள் வெளியே தலைகாட்டவில்லை, நாலாம் நாள், "அந்த ல-வுல என் உள்பாவாடையக் காயப்போட்டது யாரு?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்துவிட்டாள்.

பவுன்தாய் மட்டும் மாடிக்குப் போனால் எட்டுகளை வேறு மாதிரி பார்த்தாள். முதலில் அவமானமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் துணி எடுக்கப் போனவள் சும்மா விரலால் ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டே வந்தாள். முந்தானை சரிந்த இடம் இது. கும்பிட்ட இடம் இது. ஒரு தடவை பண்ணின தப்பு அதற்கடுத்த எட்டில் இல்லை! கும்பிட்டது ஒரே எட்டில்தான். முந்தானைக்கு ஊக்குக் குத்தின பிறகு அந்தக் கோணலும் போய்விட்டது. கீழே இறங்கி வந்து, மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போய், இருட்டுகிற வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆனாலும் பத்தாவது புதனும் தோற்றாள். எதுவென்றே தெரியாத ஒரு தப்பு மிச்சம் இருந்தது.

அன்றைக்குத்தான் வீட்டில் சண்டை. "விடு பவுனு. வேல போனாப் போகுது. வராததப் போட்டு எதுக்கு இழுத்துக்கிட்டு" என்றார் சென்றாயன்.

பவுன்தாய் சோற்றுத் தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள். "நான் தோத்து வர்றப்ப எல்லாம் உங்க மூஞ்சில ஒரு நிம்மதி வருது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? நான் வண்டி எடுத்துட்டு ஏழு மணிக்குப் போயிட்டா உங்களுக்கு யாரு சோறு போடுறது, அதான? கண்ணுதான் போச்சு, கையுமா போச்சு? பத்து மாசமா அந்தக் குச்சி உறையோட நிக்குது. நான் பத்துத் தடவ ஊரு பாக்க விழுந்து எந்திரிச்சு வந்துட்டேன். நீங்க ஒரு தடவ விழுந்துதான் பாருங்களேன்!"

முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு பேசினதில்லை.  சோற்றை அள்ளிய சென்றாயன் கை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. பேசியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கும் இருந்தது, ஆனால் பேசினதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோராவது எட்டு கொஞ்சம் பெரிசாகிவிட்டது. மாடிப்படி ஏறவில்லை. வெளியே முட்டி மோதி, ஜன்னல் கம்பி வழியாகப் பாதி உடம்பை நுழைத்து, சென்றாயன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பவுன்தாய் கை கால் கழுவி வந்து பார்த்தபோது அவர் எழுந்து நின்று அதைத் தடவிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி ரெண்டு கையாலும், மெதுவாக, வளைவு வளைவாக. சத்தம் காட்டாமல் நின்றாள்.

"இந்த எடத்துல கனமா இருக்கு" என்றார். "வேகம் கொறையக் கொறையத் தடம் கனக்கும். இங்க பிரேக்கப் புடிச்சிருக்க. ரெண்டாவது வளைவு."

பவுன்தாய் மாடிக்கு ஓடினாள். ஒவ்வொரு எட்டாகத் தடவிப் பார்த்தாள். பாகல் கொடியை விலக்கிப் பார்த்தாள், துணியை நகர்த்திப் பார்த்தாள், தூங்குகிற குழந்தையைத் தொந்தரவு பண்ணாமல் தொட்டிலுக்கு மேலே தொட்டுப் பார்த்தாள். அத்தனையிலும் ரெண்டாவது வளைவில் ஒரே இடத்தில் கனம். மற்றத் தப்பெல்லாம் வந்து வந்து போயிருக்கிறது, இது ஒன்று மட்டும் போகவே இல்லை. கீழே வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். "எல்லாத்துலயும் இருக்குங்க. அந்த எடம் வந்தாப் பயந்து, முன்னாடி டயரப் பாப்பேன். நீங்க மலையில வளைவு திரும்பையில எங்க பாப்பீக?"

"வளைவு முடியிற எடத்த."

"அது தெரியாதே, மறைச்சிருக்குமே."

"தெரியாதுதான். இருந்தாலும் அங்கதான் பாக்கணும்" என்றார் சென்றாயன். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

பன்னிரண்டாவது புதன், பள்ளிக்கூடம் திறக்க அஞ்சு நாள் இருந்தது. பவுன்தாய் காலையிலேயே அவருக்குத் தோசை சுட்டு மூடி வைத்துவிட்டு, சாக்குப்பையில் மண்ணை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினாள். மைதானத்தில் வண்டியைக் கிளப்பினாள். முதல் வளைவு போயிற்று. ரெண்டாவது வந்தது, கை தானாகப் பிரேக்கைத் தேடியது. தலையைத் தூக்கி வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தாள். அங்கே இன்ஸ்பெக்டரின் டீ கிளாஸ் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனாள், வண்டியும் அங்கேயே போயிற்று, கிளாசுக்கு ஒரு முழம் முன்னால் திரும்பி, கோட்டோடு கோடாக வந்து நின்றது. கால் கீழே படவில்லை.

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "போங்கம்மா. இனிமே மண்ணு கொண்டுவராதீங்க" என்றார். குரலில் ஒரு சின்ன வருத்தம் இருந்த மாதிரிதான் அவளுக்குப் பட்டது.

சரியாகப் போட்ட எட்டு எழுந்திருக்கவில்லை. மண்ணிலேயே கிடந்தது. பவுன்தாய் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள், வாயேன் என்று மெல்லக் கூப்பிட்டுக்கூடப் பார்த்தாள். அடுத்து வந்த பையனின் வண்டி அதன் மேலேயே ஏறி அழித்துக்கொண்டு போனது. சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய நேரத்தில் முதுகுப்பக்கம் வெறிச்சென்று இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் பழக்கத்தில் படியைப் பார்த்து, "எட்டு ஏறலையே?" என்றார். டீக்கடை முன்னால் பாதித் தெரு காத்திருந்தது, மேற்கு வெயிலுக்கு அந்த ஒரு எட்டுதான் பாக்கி.

"என்னக்கா, வெறுங்கையோட வந்துட்டீக?" என்றான் மொக்கராசு.

"பாஸாயிட்டேன்டா."

"அட, போச்சே!" என்றது தெரு. பிறகு சுதாரித்துக்கொண்டு கை தட்டினார்கள், மொக்கராசு எல்லாருக்கும் டீ போட்டான், சிலம்பாயி அவளைக் கட்டிப்பிடித்து, "சரி விடு, வெயிலுக்கு நான் ரெண்டெழுத்து எழுதித் தர்றேன்" என்று ஆறுதல் சொன்னாள்.

வீட்டை நெருங்கும்போதே தீய்ந்த வாசனை. பவுன்தாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். கதவுக்குப் பின்னால் உறை கிழிந்து கிடந்தது, குச்சியைக் காணோம். சமையலறையில் சென்றாயன் நின்றுகொண்டிருந்தார், குச்சி கக்கத்தில், கரண்டி கையில், சட்டையெல்லாம் மாவு, தரையெல்லாம் மாவு, மூக்கு நுனியில் மாவு. இடது கை தோசைக்கல்லுக்கு மேலே அந்தரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"பவுனா? நீ சுட்டு வச்சது இருக்கு. நானே சுட்டுப் பாப்போம்னு..." என்று தடுமாறினார். "மூணு ஊத்தினேன் பவுனு. திருப்பிப் போடப் போனா கல்லுல ஒண்ணையும் காணோம். எங்க போச்சுன்னே தெரியல. எனக்கு ஒண்ணும்..." அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

பவுன்தாய் அண்ணாந்து பார்த்தாள். மூன்று தோசைகள் கூரையில் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று ஆட்டுக்காது மாதிரி, ஒன்று கிழிந்த செருப்பு மாதிரி, ஒன்றுக்கு ஒரு உருவமும் இல்லை. ஓரமெல்லாம் கருகி, நடுவில் வேகாமல், ஆவி பறக்க மிதந்துகொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணி வந்துவிட்டது, அவர் பார்க்கவா போகிறார் என்று துடைக்காமல் விட்டாள்.

அவர் கையைப் பிடித்து மேலே தூக்கினாள். உயரமான ஆள், எட்டியது. விரல் பட்டதும் திடுக்கிட்டு இழுத்துக்கொண்டார். பிறகு தானாகவே தூக்கினார். ஓரத்தைத் தொட்டார், நடுவைத் தொட்டார், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனார். இருபத்தாறு வருஷமாக ஒரு கீறலும் தெரியாத விரல்கள் அந்தக் கருகலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் முகத்தில் வெட்கம் வந்தது, அது நின்று நிதானமாகப் போவதையும் பவுன்தாய் பார்த்தாள்.

"மூணுலயும் நடுவுல கனமா இருக்கு" என்றார் கடைசியில். "ஊத்தினதும் பயந்து கரண்டிய நிறுத்திருக்கேன்."

"ஆமாங்க."

"நீ போன காரியம் என்னாச்சு?"

"எட்டு வரல. மண்ணுலயே கெடக்கு."

சென்றாயனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவள் தலையில் மாவுக் கையை வைத்து அழுத்தினார். பிறகு, "தள்ளிக்க பவுனு" என்று கரண்டியைச் சட்டியில் விட்டு அள்ளி, இடது கையால் கல்லின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து, நாலாவதை ஊற்றினார்.